இன்னைக்கு பாப்பாவுக்கு எடை

கொஞ்சம் நகந்து உக்காருங்க தம்பி. சாக்கு காலுல இடிக்குதா? உள்ள வேற ஒண்ணுமில்ல, ரெண்டு ஜல்லிக்கரண்டி, ஒரு துடுப்பு, அம்புட்டுத்தான். மணி என்ன ஆச்சு? பத்தே காலா? பதினொண்ணரைக்குள்ள இந்த வண்டி நத்தத்துப்பட்டி போயிருமா? கண்டக்டர்கிட்ட மூணு தடவை கேட்டுட்டேன். நாலாவது தடவை கேட்டா விசிலை ஊதி இறக்கி விட்ருவாரு. அதான் உங்ககிட்ட கேக்குறேன்.

ஏன் இப்படிச் சிரிக்கிறான்னு பாக்குறீங்களா? காலையில இருந்தே இப்படித்தான். அடுப்பு முன்னாடி நின்னு சிரிச்சேன். காய் நறுக்குற பொம்பளைக எல்லாம் மாஸ்டருக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பேசிக்கிட்டாக. திருமங்கலத்துல ஒரு கல்யாணம். எண்ணூறு இலை. சாம்பார் இறக்கியாச்சு, வத்தக்குழம்பு இறக்கியாச்சு, பாயசம் இறக்கியாச்சு. ரசம் மட்டும் பாக்கி. அதை என் மச்சான்கிட்ட விட்டுட்டு வந்துட்டேன். இருபத்திரண்டு வருசத்துல, பந்தி போடுறதுக்கு முன்னாடி அடுப்பை விட்டு நான் கிளம்புனது இன்னைக்குத்தான். பொண்ணோட அப்பா மண்டபத்து வாசல் வரைக்கும் ஓடி வர்றாரு. "மாஸ்டர், மாஸ்டர், எங்க கிளம்பிட்டீங்க?" "பாப்பாவுக்கு இன்னைக்கு எடை"ன்னேன். திறந்த வாயை அந்த மனுசன் மூடவே இல்ல.

உங்களுக்கும் புரியலைல்ல? இருங்க, சொல்றேன். நம்மகிட்ட நேரம் இருக்கு. ஒரு மணி நேரம் இருக்குமா? இருக்கும்.

என்னைத் தெரியுமா உங்களுக்கு? ஒச்சப்பன் மாஸ்டர். கல்லுப்பட்டியில இருந்து உசிலம்பட்டி வரைக்கும் யாரை வேணாலும் கேளுங்க. தராசெல்லாம் எனக்கு வேணாம் தம்பி, கண்ணாலயே எடை போட்ருவேன். பருப்பைப் பாத்தா எத்தனை கிலோன்னு சொல்லுவேன். ஆளைப் பாத்தா எத்தனை தோசை திங்கும்னு சொல்லுவேன். நீங்க நாலு. சரியா? பாத்தீங்களா!

எனக்கு ஒரே பொண்ணு. கல்யாணமாகி ஒன்பது வருசம் கழிச்சுப் பிறந்தது. தன்ஷிகான்னு பேரு. அந்தப் பேரை வச்சது அவ அம்மா பேச்சி. என் வாயில அது நுழையாது, பாப்பான்னுதான் கூப்பிடுவேன். எங்க ஊரு அங்கன்வாடிக்குப் போகுது. அங்க ஜெசிந்தா டீச்சர்னு ஒருத்தவுக இருக்காக. நல்லவுக. இப்பச் சொல்றேன் நல்லவுகன்னு. ஆறு மாசத்துக்கு முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா வேற மாதிரி சொல்லியிருப்பேன்.

அங்க மாசாமாசம் பிள்ளைகளை எடை போடுவாக. எடையை அட்டையில புள்ளியா வைப்பாக. அட்டையில மூணு கலரு. பச்சையில புள்ளி விழுந்தா பிள்ளை நல்லாருக்கு. மஞ்சள்ல விழுந்தா கம்மி. சிவப்புல விழுந்தா ரொம்பக் கம்மி. போன வைகாசியில டீச்சர் எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாக. "மாஸ்டர், பாப்பா சிவப்புல இருக்கு. பத்து கிலோ நூறு கிராம்தான் இருக்கு, மூணரை வயசுக்கு இது பத்தாது"ங்கிறாக.

யாரு வீட்டுல? என் வீட்டுல!

"உங்க தராசு ரிப்பேரு டீச்சர், மாத்துங்க"ன்னேன். அவுக கோபப்படல. தினமும் ஒரு முட்டையும் பிஸ்கட்டுப் பாக்கெட்டும் பாப்பாவுக்குக் கூடுதலா குடுப்போம்னாக. டாக்டரு வண்டி வரும்போது காட்டுவோம்னாக. ரெண்டு மாசத்துல எடை ஏறலைன்னா மட்டும் பெரியாஸ்பத்திரியில ரெண்டு வாரம் சேத்து வச்சுப் பாக்கணும்னாக. அந்த ஆஸ்பத்திரிங்கிற சொல்லு விழுந்ததும் பாப்பாவைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டேன் தம்பி. ஒன்பது வருசம் கழிச்சு வந்த பிள்ளை. அதைக் கட்டில்ல போட்டு ஊசி குத்துவாகளா? விட்ருவேனா?

அதோட விட்டுச்சா? பக்கத்துத் தெருப் பரோட்டாக் கடை காசிமாயன் இருக்கானே, அவன் பையன் பூசணிக்கா மாதிரி இருப்பான், எப்பவும் பச்சை. கடைக்கு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்றான், "ஊருக்கே இலை போடுறவரு வீட்டுக்கு கவருமெண்டு பிஸ்கட்டு அனுப்புதாமுல்ல!" ஒரு வாரம் அந்தத் தெருப் பக்கமே நான் போகல. குளத்தைச் சுத்திப் போனேன்.

பாப்பா சாப்பிடாதான்னு கேப்பீங்க. என்ன குறை தம்பி? ஒவ்வொரு கல்யாணத்துல இருந்தும் லட்டு, பாதுஷா, ஜாங்கிரி, மிக்சருன்னு ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டாந்து குடுப்பேன். அது பாட்டுக்கு நாள் பூரா கொறிச்சுக்கிட்டே இருக்கும். சோறுன்னா மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கும். ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. பேச்சி சொல்லுவா, "இந்த இனிப்பை நிப்பாட்டுங்க, வாரத்துல ரெண்டு நாளாச்சும் வீட்டுல இருந்து பிள்ளைகூட உக்காந்து சாப்பிடுங்க"ன்னு. வைகாசி, ஆனியில எவன் தம்பி வீட்டுல உக்காருவான்? முகூர்த்தம் முகூர்த்தமா வருது. தவிர நான் எங்கயும் உக்காந்து சாப்பிடுற ஆளில்ல. சமையக்காரன் நின்னுக்கிட்டே ருசி பாத்தே வயித்தை நிரப்பிக்குவான்.

சரி. ஆனி மாசம் எடை நாள். நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? யார்கிட்டயும் சொல்லிராதீங்க. பாப்பா உள்பாவாடைக்குள்ள ஒரு பை தைச்சு, ஒரு கிலோ படிக்கல்லு ஒண்ணு, அரைக்கிலோ படிக்கல்லு ஒண்ணு, ரெண்டையும் துணியில சுத்தி உள்ள வச்சுவிட்டுட்டேன். பேச்சி அன்னைக்கு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தா. நானே பிள்ளையைக் கையில பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். அது ஒரு காலை எடுத்து வைக்குது, 'டங்'குங்குது. அடுத்த காலை வைக்குது, 'டங்'குங்குது. "என்ன சத்தம் மாஸ்டர்?"ங்கிறாக டீச்சர். "புதுக் கொலுசு டீச்சர்"ன்னேன். பிள்ளை காலுல கொலுசே இல்ல!

நல்ல காலம், அந்த நேரம் பாத்து ஒரு பையன் இன்னொரு பையனைக் கடிச்சுட்டான். டீச்சர் அங்கிட்டு ஓடிட்டாக. திரும்பி வந்து முள்ளைப் பாத்தா பதினொண்ணு அறுநூறு. புள்ளி பச்சையில போயி சம்மணம் போட்டு உக்காந்துக்கிருச்சு. "ஒரே மாசத்துல ஒன்றரைக் கிலோவா!"ன்னு கண்ணை விரிச்சாக. "மாஸ்டர் வீடு டீச்சர்"னேன். நெஞ்சை நிமித்திக்கிட்டு காசிமாயன் கடை வழியாத்தான் வந்தேன், ரெண்டு தடவை.

மறுநா மத்தியானம் பாப்பா அழுதுக்கிட்டு வருது. "என்னடா கண்ணு?" "அப்பா, எனக்கு முட்டை இல்லையாம். நான் பச்சையாம்."

அதை நான் யோசிக்கல பாருங்க. பச்சை ஆயிட்டா கூடுதல் முட்டை கிடையாது, பிஸ்கட்டு கிடையாது. டாக்டரு வண்டி வந்தப்பவும் பாப்பாவைக் காட்டல. அதான் நல்லாருக்கே! இதுக்கா அழணும்? கடைக்குப் போயி ஒரு அட்டை முட்டை வாங்கிட்டு வந்தேன். பத்தை அவிச்சு, மிளகுத்தூள் தூவி, பூ மாதிரி நறுக்கி வச்சேன். கையால தொடல தம்பி. "அங்க உக்காந்து எல்லாரோடயும் தின்னாத்தான் முட்டை"ங்குது. முட்டையில அங்கன என்ன, இங்கன என்ன? பிள்ளைகளுக்கு விவரம் பத்தாது.

போனு அடிக்குது, ஒரு நிமிசம். மச்சான்தான். எடுக்க மாட்டேன். ரசம் பொங்கிருச்சுன்னுதான் சொல்லுவான். பொங்குனா இறக்கு, என்னை ஏன் கேக்குற?

எங்க விட்டேன்? ஆடி. ஆடி மாசம் எடை நாளைக்கு பெரிய அதிகாரியம்மா வர்றாக, புதுசா எலக்ட்ரானிக் தராசு கொண்டு வர்றாகன்னு சேதி. இப்ப பாருங்க என் நிலைமையை. போன மாசம் பதினொண்ணு அறுநூறு. இந்த மாசம் குறைஞ்சா ஏன் குறைஞ்சதுன்னு கேள்வி வரும். அப்ப அதுக்கு மேல காட்டணும். படிக்கல்லு சத்தம் போடுது. அமைதியா இருக்கணும், கனமா இருக்கணும், பிள்ளை உடம்புல உறுத்தக் கூடாது. நான் சமையக்காரன் தம்பி, எனக்கு வேற என்ன தோணும்? அச்சுவெல்லம்!

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிக்கிறேன். பழைய வேட்டியைக் கிழிச்சு நீளமா ஒரு பை தைச்சு, அச்சுவெல்லத்தை வரிசையா அடுக்கி, ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா, பிள்ளை இடுப்பைச் சுத்திக் கட்டி, மேல பட்டுப்பாவாடையைப் போட்டுவிட்டேன். "என்னப்பா இது?"ன்னுச்சு. "ஒட்டியாணம். யார்கிட்டயும் சொல்லக் கூடாது"ன்னேன். சரின்னு தலையை ஆட்டிட்டு, போற வழியில ஆட்டுக்குட்டிகிட்டகூட நிப்பாட்டிச் சொல்லுது, "எங்கப்பா எனக்கு ஒட்டியாணம் கட்டிவிட்டாரு!"

ஆடி வெயிலு. பிள்ளைக்கு வேர்க்குது. வெல்லம் கசியுது. அங்கன்வாடித் தரையில பிள்ளைகளை வரிசையா உக்கார வச்சிருக்காக. அதிகாரியம்மா பேசுறாக, பேசுறாக, பேசிக்கிட்டே இருக்காக. அங்கன்வாடிச் சுவரு பழசு, சுவரு ஓரமா எறும்பு இருக்கும்னு நான் கண்டேனா? "தன்ஷிகா"ன்னு பேரைக் கூப்பிட்டதும் பாப்பா எந்திரிச்சுப் போயி தராசு மேல நிக்குது. பன்னிரண்டு கிலோங்குது தராசு. "அடேயப்பா"ங்கிறாக அதிகாரியம்மா. நான் மீசையைத் தடவுறேன்.

அப்பத்தான் பாப்பா ஒரு குதி குதிச்சுச்சு.

இன்னொரு குதி. தராசுல நம்பரு பதினாலுங்குது, ஒன்பதுங்குது, இருபதுங்குது. "அப்பா, ஒட்டியாணம் கடிக்குது! அப்பா, ஒட்டியாணம் கடிக்குது!" பாவாடையைத் தூக்குனா, கறுகறுன்னு எறும்பு ஒரு ஊர்வலமே போகுது. அவுந்துச்சு பாருங்க முடிச்சு! அச்சுவெல்லம் பொலபொலன்னு தராசு மேல, தரை மேல, அதிகாரியம்மா செருப்பு மேல. வரிசையில உக்காந்திருந்த பதினேழு பிள்ளைகளும் ஒரே பாய்ச்சல். ஒருத்தன் வாயில ரெண்டு, கையில நாலு. அங்க சமைக்கிற ஆயா வெளக்கமாத்தை எடுத்துக்கிட்டு எறும்பை விரட்டுறதா, பிள்ளைகளை விரட்டுறதா, என்னை விரட்டுறதான்னு தெரியாம நிக்குது. டீச்சர் பாப்பாவைத் தூக்கிட்டுப் போயி தண்ணியை ஊத்தி எறும்பைக் கழுவி விட்டாக. பாப்பா அழல தம்பி. பிள்ளைக எல்லாம் சிரிக்கிறதைப் பாத்து அதுவும் சிரிக்குது. டீச்சருக்கும் சிரிப்பை அடக்க முடியல. கண்ணுல தண்ணி வர வரச் சிரிக்கிறாக. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது?

அப்புறம் டீச்சர் பாப்பாவைத் துடைச்சு, வெறும் ஜட்டியோட மறுபடி தராசுல நிறுத்துனாக.

பத்து கிலோ.

வைகாசியில பத்து நூறு. ரெண்டு மாசத்துல நூறு கிராம் குறைஞ்சிருக்கு. டீச்சர் சிரிப்பு நின்னுபோச்சு. பாவாடை இல்லாம, பட்டு இல்லாம, அன்னைக்குத்தான் என் பிள்ளையை நான் பாக்குறேன் தம்பி. விலா எலும்பை எண்ணலாம். எண்ணூறு இலைக்கு எத்தனை தேங்கான்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ற எனக்கு, என் வீட்டுல தூங்குற பிள்ளை எலும்பு தெரியல. அங்கயே தரையில உக்காந்துட்டேன். அழுதேன். அதிகாரியம்மா முன்னாடி, ஆயா முன்னாடி, வெல்லம் தின்னுக்கிட்டிருந்த அம்புட்டுப் பிள்ளைக முன்னாடியும் அழுதேன்.

அதிகாரியம்மா என்னமோ நோட்டுல எழுதப் போனாக. ஜெசிந்தா டீச்சர்தான் நடுவுல பூந்து, "மேடம், இவரை என்கிட்ட விட்ருங்க. ஆடி மாசம் கல்யாணம் கிடையாது, மாஸ்டருக்கு வேலையும் கிடையாது. தினமும் மத்தியானம் இங்க வந்து பிள்ளைகளோட தரையில உக்காந்து சாப்பிடணும். அதான் இவருக்குத் தண்டனை"ன்னாக.

யாருக்குத் தண்டனை? எனக்கு! பரங்கிக்காச் சாம்பாரும் அவிச்ச முட்டையும்! ஒத்துக்கிட்டேன், வேற வழி?

மறுநாளே பாப்பாவை டாக்டரு வண்டியில காட்டுனாக. வயித்துல பூச்சியாம், ரத்தமும் கம்மியாம். மாத்திரை குடுத்தாக, சிரப்பு குடுத்தாக, முட்டையும் பிஸ்கட்டும் மறுபடி வந்துச்சு. அடுத்த எடையிலயும் ஏறலைன்னாத்தான் ஆஸ்பத்திரின்னாக. டாக்டரம்மா இனிப்பை வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு கண்டிச்சு விட்டுட்டாக. மத்தியானம் ஆனா நான் அங்க போயி உக்காருவேன். இந்தப் பக்கம் பாப்பா, அந்தப் பக்கம் கடிக்கிற பையன். மொத நாள் பாப்பா ஒரு வாய் கூட வைக்கல, என்னையவே பாத்துக்கிட்டிருந்துச்சு. நான் ஒரு வாய் வச்சேன். அதுவும் ஒரு வாய் வச்சுச்சு. நான் அடுத்த வாய். அதுவும் அடுத்த வாய். தட்டைக் காலி பண்ணிட்டு "ஆயா, இன்னும்"னு கேட்டுச்சு பாருங்க, எனக்குப் புரை ஏறிருச்சு.

எப்படி ஆச்சுன்னு கேளுங்க. ரகசியத்தைச் சொல்றேன். பெருங்காயம்! ஆயாகிட்ட ரெண்டாம் நாளே சொல்லிட்டேன், சாம்பாரை இறக்கும்போது ஒரு சிட்டிகை போடும்மான்னு. "அடுப்பங்கரைப் பக்கம் வராதீங்க"ன்னு கரண்டியை ஓங்குச்சு. ஆனா போட்டிருக்கும். போடாம அந்த வாசம் எப்படி வரும்? பேச்சி வேற மாதிரி சொல்லுவா. லட்டை நிப்பாட்டுனதுதானாம், பூச்சி மாத்திரைதானாம், நான் பக்கத்துல உக்காந்ததுதானாம். சொல்லிட்டுப் போறா. கைப்பக்குவத்தைப் பத்தி அவளுக்கென்ன தெரியும்?

ஆவணி பிறந்ததும் முகூர்த்தம் ஆரம்பிச்சுருச்சு. தினமும் போக முடியல. வாரத்துக்கு மூணு நாள் எப்படியும் போயிருவேன். தூரத்துக் கல்யாணம் ரெண்டை வேணாம்னுட்டேன். போகாத நாள்ல என்ன செய்யும் தெரியுமா? எனக்கும் சேத்து ஒரு தட்டு எடுத்து பக்கத்துல வச்சுக்குமாம். யாரையும் அதுல உக்கார விடாதாம். டீச்சர் சொன்னாக.

ஆவணியில பத்து எழுநூறு. புரட்டாசியில பதினொண்ணு இருநூறு, மஞ்சளுக்கு வந்துருச்சு. ஐப்பசியில பதினொண்ணு எண்ணூறு. இன்னைக்கு கார்த்திகை. வயசு ஏற ஏறப் பச்சைக்கோடும் ஏறுமாம், டீச்சர் சொன்ன கணக்குப்படி இப்ப பன்னிரண்டு முன்னூறு வந்தாத்தான் பச்சை. நிஜப் பச்சை தம்பி! கல்லு இல்லாத பச்சை, வெல்லம் இல்லாத பச்சை! காலையில தூங்குற பிள்ளையைத் தூக்கிப் பாத்தேன். வந்துரும்போலதான் தோணுது. ஆனா என் கண்ணையும் கையையும் இப்ப நான் நம்புறதில்ல. தராசு சொல்லட்டும்.

மணி என்ன? பதினொண்ணே காலா? அந்தா குளத்தங்கரை. அடுத்த நிறுத்தம்தான். சாக்கை எடுத்துக்கிறேன்.

தம்பி, ஒரு உதவி. தப்பா நினைச்சுக்காதீங்க. இதை வாங்கிக்கிறீங்களா? வெல்லம்தான். ஒரே ஒரு அச்சு, எம்பது கிராம் இருக்கும். காலையில பாயசத்துக்கு வெல்லம் தட்டும்போது கை தன்னால எடுத்து மடியில கட்டிக்கிருச்சு. சத்தியமா நான் நினைச்சு எடுக்கல. அம்பது கிராம் குறைஞ்சு நின்னுருச்சுன்னா என்ன பண்றதுன்னு வழி நெடுக அது மடியில கிடந்து உறுத்துது. என்கிட்ட இருந்தா என் கை சும்மா இருக்காது. நீங்களே தின்னுருங்க.

பைக்குள்ள வைக்காதீங்க, இறங்கும்போது திருப்பிக் கேட்டாலும் கேப்பேன். வாயில போடுங்க. மெல்லுங்க. நல்லா மெல்லுங்க. முழுங்கியாச்சா? வாயைக் காட்டுங்க.

அப்பாடா. கண்டக்டர் சார், நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க! அந்தா வாசல்ல நிக்குது பாருங்க தம்பி, என் பொண்ணு. கையில ரெண்டு தட்டோட நிக்குது.